பீடி விடும் நேரம்

என் மூக்கை நான் நம்பிய அளவுக்கு மனிதர்களை நம்பியதில்லை. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவர், அதன்பின் எட்டு வருடம் வாயில் ஏலக்காயோடு வீட்டுக்கு வந்தார். எட்டாவது வருடம் வண்டி சீட்டுக்கு அடியில் பாக்கெட் கிடைத்தது. அவர் மேல் இருந்த கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. இத்தனை நாள் ஏமாந்திருக்கிறோமே என்று என் மேலேயே வந்த கோபம்தான் ஆறவில்லை. அன்றிலிருந்து யாராவது எதிரில் ஏலக்காய் மென்றால், இவர் எதை மறைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். பாயசத்தில் போட்டிருந்தாலும் தோன்றும்.

இந்தப் புத்தியோடுதான் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓர் உப்பு பேக்கிங் யூனிட்டில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். பொம்மையார்பாளையத்திலிருந்து தினமும் பஸ். உப்பளத்திலிருந்து வரும் உப்பை இங்கே கழுவி, காயவைத்து, அரைத்து, அயோடின் கலந்து, ஒரு கிலோ பாக்கெட்டில் அடைப்பார்கள். பாக்கெட்டில் சென்னையில் உள்ள ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும், எங்கள் பெயர் இருக்காது. ஆபீஸ் ரோட்டைப் பார்த்து இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, ஒரு மாதா படம். ஷெட் பின்னால். அங்கே நான் போவதே அபூர்வம், செருப்பெல்லாம் உப்பாகிவிடும் என்று.

நான் சேர்ந்த நாலாவது மாதம் சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பிரித்த உப்புப் பாக்கெட், வெள்ளை உப்புக்கு நடுவில் ஒரு பீடித் துண்டு. கீழே கொஞ்சம் கருகல்கூடத் தெரிந்தது. முதலாளி போனை என்னிடம் நீட்டிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை நடக்கும் இடத்தில் புகைக்கக் கூடாது என்று எழுத்தில் பாலிசி வேண்டும், அது நடைமுறையில் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் சரக்கு எடுக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"ஏம்மா, நீயே எழுதிடு. உனக்குத்தான் மூக்கு நல்லா இருக்குதே" என்றார் முதலாளி. போன வாரம் அவர் சட்டையில் வந்த வாசத்தை வைத்து மதியம் எந்த ஓட்டலில் சாப்பிட்டார் என்று சொல்லியிருந்தேன். அவர் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். கேட்டுக்கு உள்ளே பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் நோட்டில் பெயர். இரண்டாம் தடவை கேட்டில் ஒட்டும் தாளில் பெயர். மூன்றாம் தடவை வேலை கிடையாது. கடைசியாக ஒன்றை நானாகச் சேர்த்தேன். மேஸ்திரியின் நேரத் தாளில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, 'பீடி' என்று பத்துப் பத்து நிமிடம் எழுதியிருந்தது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து அவர் "பீடி" என்று நீளமாகக் கத்துவது ஆபீஸுக்கும் கேட்கும். புகை விடுவதற்குத் தனியாக ஒரு நேரமா என்று எனக்குக் கொதித்தது. 'பீடி நேரம் இன்று முதல் ரத்து' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கூட்டத்துக்கு முன்பே குழப்பம் வந்துவிட்டது. மேடம் பாலிசி போடப் போகிறார், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் பாலிசி என்றால் இன்சூரன்ஸ். பாதிப் பேர் ஆதார் ஜெராக்ஸோடு வந்து நின்றார்கள். ஒரு பெரியவர் வாரிசு பெயரைக்கூட ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் வாசிக்க வாசிக்க முகங்கள் மாறின. இன்சூரன்ஸ் என்று கூப்பிட்டுவிட்டு பீடியைப் பிடுங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

ஆண்கள் முணுமுணுத்தார்கள். அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். எதிர்பார்க்காதது பெண்கள் பக்கமிருந்து வந்தது. பாக்கெட் ஒட்டும் மெஷினில் நிற்கிற ஓர் அக்கா, ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, கழுத்தில் மாதா டாலர். அவர் மெதுவாகக் கேட்டார்.

"பொம்பளைங்களுக்கும் பீடி கெடையாதாங்க மேடம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கூட்டத்தில் பெண்களும் பிடிக்கிறார்களா, அதையும் இவ்வளவு பேர் முன்னால் கூச்சமில்லாமல் கேட்கிறாரே என்று அவரையே பார்த்தேன். மற்றப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, திட்டவில்லை. எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அப்படியென்றால் எல்லோரும் கூட்டு என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

"ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு இங்க சட்டம் கெடையாது" என்றேன். அந்த அக்கா தலையை ஆட்டிவிட்டு, முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டார். பிடிவாதக்காரி, அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரங்களில் செருப்பு கெட்டாலும் பரவாயில்லை என்று ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எட்டு வருடம் கோட்டை விட்ட மூக்குக்கு ஒரு சான்ஸ் கிடைத்த மாதிரி இருந்தது. கக்கூசுக்குப் பின்னால் மோந்து பார்த்தேன். சாக்கு மூட்டைகளுக்கு இடையில் எட்டிப் பார்த்தேன். ஆண்களில் நாலு பேரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். கேட்டில் பெயர் ஒட்டினால் அவர்களே அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதோடு ஒருவழியாக அடங்கியும் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பிடித்துவிட்டு வருவார்கள். அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அவர்களும் என்னைச் சும்மா பார்க்கவில்லை. நான் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், வேவு பார்க்க வைத்திருக்கிறார் என்று ஷெட்டில் பேச்சு. அந்தப் பீடித் துண்டையே முதலாளிதான் பாக்கெட்டில் போட்டிருப்பார் என்றும் ஒரு பேச்சு. நான் வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும். அது யாருடைய துண்டு என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அந்த அக்கா மட்டும் தினமும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மெஷினைப் பக்கத்தில் நிற்பவரிடம் விட்டுவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியலுக்குப் பின்னால் போய்விடுவார். பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்புவார். நேரம் பார்த்து வைத்தேன். ரத்து செய்த அதே நேரம். ஒரு நாள் எதிரே போய் நின்றேன். புடவையில் பீடி வாசம் அடித்தது. இடுப்பில் ஒரு தீப்பெட்டி செருகியிருந்தது.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"பீடிக்குத்தான் போனேன் மேடம். கொஞ்ச நேரம்."

ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. தீப்பெட்டியைக் கொடுங்கள் என்றதற்கு மட்டும் மாட்டேன் என்று இடுப்பைக் கையால் மூடிக்கொண்டார். இதற்குமேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும். நோட்டில் எழுதினேன். 'தானே ஒப்புக்கொண்டார்' என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். அடுத்த வாரம் இரண்டாம் தடவை. கேட்டில் பெயர் ஏறியது, ஆண்கள் பெயர்களுக்குக் கீழே, ஒரே ஒரு பெண் பெயர். யாரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கவில்லை. பஸ்ஸுக்குப் போகும் பெண்கள் நின்று படித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அதை நான் ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நல்லது, பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பதினோரு நாள் கழித்து மூன்றாம் தடவை. முதலாளியே கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார். அந்த அக்கா என்னை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். வேலையில் இல்லாதவர் பெயர் எதற்கென்று அன்று மாலையே தாளைக் கிழித்தேன். பாலிசி வெற்றி என்று சென்னைக்கு மெயில் அனுப்பினோம், கிழிப்பதற்கு முன் எடுத்த கேட் போட்டோவோடு.

அதற்கடுத்த வாரம் பாக்கெட் ஒட்டும் மெஷின் சூடேறி நின்றுவிட்டது. நான் ஷெட்டுக்குப் போய் மேஸ்திரியிடம் கத்தினேன். சரக்கு போக வேண்டிய நாள் அது. அவரும் பொறுமை இழந்துவிட்டார்.

"பீடி விட்டாதான் மெஷின் ஆறும். பொம்பளைங்க காலும் ஆறும். அதுதான் இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்களே" என்றார்.

பீடி விட்டால் பெண்கள் கால் எப்படி ஆறும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காது குத்துகிறேன் என்று நினைத்திருப்பார். அப்புறம் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது புரிந்து, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். அந்தக் காலத்தில் உப்பளத்தில் ஆண்கள் பீடி பிடிக்க ஒதுங்கும்போது பெண்களும் வரப்பில் உட்கார்வார்களாம். அதிலிருந்து உட்கார்வதற்கே பீடி என்று பெயர். ஸ்கூல் விட்டாச்சு என்கிற மாதிரி பீடி விட்டாச்சு. பீடியைத் தொடாதவர்களும் பீடிக்குப் போவார்கள். தண்ணீர் குடிப்பது, ஈரத்தில் நின்ற காலை நீட்டுவது, கக்கூசுக்குப் போவது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான். டீ நேரம் என்று இங்கே எப்போதும் இருந்ததில்லை, யாரும் டீ கொடுத்ததும் இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தெரிஞ்சுதான் எடுக்குறீங்கன்னு நெனச்சோம் மேடம். பீடின்னு பேரைச் சொல்லிட்டு ரெஸ்டைத் தூக்கிட்டாங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

நான் அங்கேயே ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் அந்த அக்கா என்ன கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. உட்காரலாமா என்று கேட்டிருக்கிறார். ஐம்பது பேர் முன்னால், பணிவாக, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். நான் அவரைப் பீடி பிடிக்கிறவர் என்று கேட்டில் ஒட்டினேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, ஊரில் அந்தத் தாளை யார் யார் படித்தார்களோ என்று.

முதலாளியிடம் பேசுவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது. மெஷின் நின்ற நஷ்டம் அவருக்கு உறைத்திருந்தது. பத்து நிமிடம் திரும்ப வந்தது, 'ரெஸ்ட்' என்ற பெயரில், மணி அடித்து. பிடிக்கிறவர்களுக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகை, மணல் போட்ட ஒரு பெரிய டின். உள்ளே வருமுன் கை கழுவக் குழாய். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்கப்புறம் ஷெட்டுக்குள் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. உட்கார நேரமும் பிடிக்க இடமும் கிடைத்தால் ஒளிந்து பிடிக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆள் வேலை போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி வழி சொல்லியிருந்தார். அவர் வீட்டுக்காரர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே கொடியில் வேலைக்குக் கட்டும் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புடவை வாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லாமல் போயிற்று.

அக்கா நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கொட்டினேன். எனக்கு வார்த்தை தெரியாமல் போச்சு, தப்பு என்னுது, நாளைக்கே வேலைக்கு வாருங்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளே போய் அந்தத் தீப்பெட்டியை எடுத்துவந்து திறந்து காட்டினார். உள்ளே மாத்திரைகள். பிரஷர் மாத்திரையாம். உப்புக் காற்றில் காகித உறை நைந்துபோகிறது என்று இதில் போட்டு வைத்திருக்கிறார். ரொம்ப நேரம் நின்றால் கண் இருட்டும், பத்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நோயாளி என்று தெரிந்தால் வேலைக்கு வைப்பார்களா என்ற பயத்தில் அன்று எனக்குக் காட்டவில்லை.

"வேலை கெடக்குதுங்க மேடம். எங்க வேணா போலாம்" என்றார். "பொண்ணுக்குக் கோவில்ல மொத ஓலை வாசிச்சாச்சு. ரெண்டாவது ஓலை வாசிக்க வேணாம்னு மாப்ள வூட்ல போய் ஃபாதராண்ட சொல்லிட்டாங்க."

நானும் அதே வேதக்காரி என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று. மாப்பிள்ளையின் அத்தை தினமும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறார். தாய் பீடி பிடிக்கிறவள் என்று கேட்டிலேயே ஒட்டியிருக்கிறார்கள் என்று அவர்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார். இல்லை என்று அக்கா சத்தியம் செய்தும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள் அறையில் யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் யோசித்து வைத்திருந்தார்.

"பதினோரு நாள் ஒட்டி வெச்சிருந்தீங்க. அதே எடத்துல, அதே பதினோரு நாளு, நான் பிடிக்கலன்னு எழுதி ஒட்டுங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க. மாத்திரை சமாச்சாரம் எழுத வேணாம். சீக்குக்காரி பொண்ணுன்னு ஆயிடும்."

திங்கட்கிழமை விடியற்காலையே போய் எழுதினேன். இன்னார் ஒருபோதும் புகைத்ததில்லை, ஆபீஸ் தவறாகப் புரிந்துகொண்டு அவர் பெயரை எழுதியது, தவறு முழுக்க என்னுடையது, வருந்துகிறேன். உட்காரத்தான் போனார் என்று எழுதினால் ஏன் உட்கார்ந்தார் என்ற கேள்வி வரும் என்று அதை விட்டுவிட்டேன். பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் சீலும் குத்தி, அதே இடத்தில் ஒட்டினேன். ஏழரை மணிக்கு அக்கா வந்தார். தாளை நிதானமாக, விரல் வைத்துப் படித்தார். நல்லா இருக்குது மேடம் என்றார். எனக்கு அப்போது கிடைத்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

அந்த நிம்மதியோடு நாங்கள் இருவரும் அங்கே நிற்கும்போதே பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் கேட்டுப் பக்கம் வந்தார்கள். பக்கத்து யூனிட்டில் வேலை செய்கிறவர்கள், எங்கள் முகம் தெரியாதவர்கள். ஒருத்தி சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"பிடிக்காதவங்களுக்கு எதுக்குடி இவ்ளோ பெருசா எழுதி சீலு வெக்கணும்? உள்ள ஏதோ இருக்குது."

மற்றவள் ஆமாம் என்றாள். இருவரும் நடந்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. வேறு யாருடைய பெயராவது இருந்து, நான் அந்த வழியாகப் போயிருந்தால், இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன். அழிக்கத்தானே எழுதினோம், இது இன்னும் அழுத்தமாக அல்லவா பதிகிறது என்று திகைத்து நின்றேன்.

அக்கா அவர்கள் போவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்கள வுடுங்க மேடம். நீங்க நம்புறீங்கல்ல?"

மாத்திரையைக் கண்ணால் பார்த்தவள் நான். கொடியில் காய்ந்த புடவையைப் பார்த்தவள். மேஸ்திரி வாயால் எல்லாவற்றையும் கேட்டவள். நம்புகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம், அவ்வளவுதான், எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் வாய் திறந்தது. அந்த ஒரு மூச்சை அவர் பார்த்துவிட்டார்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு உள்ளே போனார்.

பத்தரை மணிக்கு ரெஸ்ட் மணி அடித்தது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பின்பக்கம் போக, அக்கா மட்டும் கேட்டுப் பக்கம் வந்தார். தாளின் நாலு மூலையையும் நகத்தால் கிளப்பி, கிழியாமல் எடுத்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மீதிப் பத்து நாள் வேண்டாமாம் என்று பிறகு மேஸ்திரிதான் வந்து சொன்னார்.